மாரடைப்புக்குப் பின் மீன் எண்ணெய்க் கப்ஸ்யூலும் தாளம் தப்பிய நாடியும்: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

பின்னணி

நோயாளி திருகோணமலை நகருக்கு வடக்கே கரையோரக் கிராமம் ஒன்றைச் சேர்ந்தவர். வயது 57. மீன்வாடியில் மீனை நிறுத்துக் கணக்கெழுதுவது தொழில். எட்டு வருடமாகப் பிரஷர் உண்டு, சீனி வருத்தம் இல்லை. வீட்டில் அவர், மனைவி, மகன், மருமகள் என நான்கு பெரியவர்கள். சமையல் முழுவதும் மனைவி கையில். மகளின் குடும்பம் கனடாவில்.

நெஞ்சு நோவு தொடங்கி மூன்று மணித்தியாலத்துக்குள் வைத்தியசாலைக்கு வந்துவிட்டார். ஈசிஜி இதயத்தின் முன்சுவரில் மாரடைப்பைக் காட்டியது. இரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போடப்பட்டது. சில நாட்களின் பின் வேறு மாவட்டத்துக்கு அனுப்பி அஞ்சியோகிராம் செய்து, இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் இடப்பக்க முன் நாடியில், அதைத் திறந்து வைக்கும் வலைக்குழாயான ஸ்டென்ட் ஒன்றை வைத்தார்கள். எக்கோ ஸ்கேனில் இதயம் இரத்தத்தை வெளித்தள்ளும் வீதம் 40%, அதாவது இதயம் பலவீனப்பட்டிருந்தது. இடது மேலறையின் அகலம் 42 மி.மீ., அதாவது சற்றே பெருத்திருந்தது. இரத்தக் கொழுப்புகளில் எல்டிஎல் (கெட்ட கொலஸ்ட்ரோல்) 148, ட்ரைகிளிசரைட் (இன்னொரு வகைக் கொழுப்பு) 196.

வீட்டுக்கு அனுப்பும்போது எழுதிய குளிசைகள்: அஸ்பிரின் 75 மி.கி., குளோபிடோக்ரல் 75, எல்டிஎல்லைக் குறைக்கும் ஸ்டாடின் வகையான அட்டோர்வாஸ்டாடின் 40, துடிப்பை மெதுவாக்கும் பீட்டா தடுப்பான் பைசோப்ரோலோல் 2.5, பிரஷருக்கும் இதயத்துக்கும் எனலாபிரில் 5 இரு வேளை, காலையில் நீரை வெளியேற்றும் பிரூசமைட் 40. உணவு பற்றிக் கிளினிக் கொப்பியில் இருந்தது ஒரே வரி: “எண்ணெய், கொழுப்பு குறைக்கவும். மீன் சாப்பிடலாம்.” அதை விளக்கிச் சொன்ன நேரத்தில் மனைவி வார்ட்டில் இல்லை, நோயாளர் பார்வை நேரம் முடிந்து வெளியே நின்றார். அடுப்படியில் நிற்பவருக்கு அந்த அறிவுரை போய்ச் சேரவில்லை. பின்னால் நடந்தவற்றில் பாதி இந்த இடத்தில்தான் தொடங்கியது.

6ஆம் வாரத்திலிருந்து 20ஆம் வாரம் வரை

மாரடைப்புக்குப் பின் 6ஆம் வாரப் பரிசோதனையில் எல்டிஎல் 71 ஆக இறங்கியிருந்தது. மருந்து ஒழுங்காக வேலை செய்தது. அதே வாரம் கனடாவிலிருந்து வந்த பொதியில் மீன் எண்ணெய்க் கப்ஸ்யூல் போத்தல்கள் நான்கு இருந்தன. முதலில் நாளுக்கு இரண்டு குடித்தார். பிறகு உறவினர் ஒருவர், “இதயத் துடிப்பு நின்றுபோகாமல் காக்கிறது இதுதான், கூடக் குடித்தால் கூட நல்லது” என்று சொல்ல, காலை, மதியம், இரவு என மூன்று வேளையும் இரண்டிரண்டாக ஆறு கப்ஸ்யூல் ஆனது.

12ஆம் வாரத்தில் தனியார் ஆய்வுகூடம் ஒன்றில் தாமாகவே இரத்தம் கொடுத்தார். ட்ரைகிளிசரைட் 118 என்று வந்தது. அது இறங்கியதில் அட்டோர்வாஸ்டாடினோடு கப்ஸ்யூலுக்கும் பங்கு இருந்திருக்கும். கூடிய அளவில் மீன் எண்ணெய் ட்ரைகிளிசரைட்டைக் குறைக்கும். ஆனால் வீட்டில் அதை “கொழுப்பு குறைந்துவிட்டது” என்று வாசித்தார்கள். கால் தசையும் கொஞ்சம் உளைந்தது. அட்டோர்வாஸ்டாடின் ஈரலைப் பழுதாக்கும் என்று அயலிலும் யாரோ சொல்லியிருந்தார்கள். அந்தக் குளிசை நின்றது. கிளினிக்கில் யாரிடமும் சொல்லவில்லை. கொப்பியில் “மருந்து தொடர்க” என்றே மாதாமாதம் எழுதப்பட்டது.

14ஆம் வாரம் முதல் மீன் மணக்கும் ஏப்பமும் நாளுக்கு மூன்று நான்கு தடவை இளகிய மலமும் இருந்தன. இஞ்சித் தேநீர் கொடுத்துப் பார்த்தார்கள். 20ஆம் வாரத்தில் நெஞ்சு படபடத்தபோதும் “வாய்வு” என்றே நான்கு நாள் ஓடியது. வீட்டுப் பிரஷர் மெஷின் இரண்டு முறை பிழை காட்டியது. பற்றரி போய்விட்டதென்று மாற்றினார்கள். நாடி தாறுமாறாக ஓடும்போது அந்த மெஷின்கள் அப்படித்தான் தடுமாறும். பற்றரி மாற்றியும் பிழை வந்தால் கையால் நாடி பார்க்க வேண்டும்.

மீண்டும் வைத்தியசாலைக்கு வந்தபோது கண்டவை

நாடி நிமிடத்துக்கு 134. மழை தொடங்கும்போது தகரத்தில் துளிகள் விழுவதுபோல, இரண்டு அடிக்கு நடுவே ஒரே இடைவெளி எங்குமே இல்லை. இரத்த அழுத்தம் 108/70. நெஞ்சு நோவு இல்லை. ஈசிஜியில் புதிய மாரடைப்புக்கான அடையாளம் இல்லை, இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் ட்ரோபோனினும் ஏறவில்லை. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்று கொப்பியில் எழுதப்படும் மேலறை நடுக்கம் உறுதியானது. இடையிடையே கீழறையிலிருந்து முந்தி வரும் துடிப்புகளும் தெரிந்தன. பொட்டாசியம் 3.3, குறைவு. தைரொயிட் சரி. எல்டிஎல் 139.

எல்டிஎல் 71இலிருந்து 139க்குப் போனதுதான் கேள்வியைத் திருப்பியது. உணவு மட்டும் அப்படி ஏற்றாது. குளிசைகளை மீண்டும் ஒவ்வொன்றாகக் கேட்டபோது அட்டோர்வாஸ்டாடின் நின்றது தெரியவந்தது. “வேறு ஏதாவது குடிக்கிறாரா?” என்ற கேள்விக்கு இல்லையென்றே பதில் வந்தது. “வெளிநாட்டிலிருந்து வந்த போத்தல், கசாயம், சத்துமா, எதுவானாலும்” என்று பெயர் சொல்லிக் கேட்ட பிறகுதான் மனைவி கைப்பையிலிருந்து அந்தப் போத்தலை எடுத்தார். “அது மருந்தில்ல மிஸ், மீன்தானே. அதால சொல்லேல்ல.”

அவர் சொன்னதில் குற்றம் காண ஒன்றுமில்லை. கேட்கத் தெரியாமல் கேட்டால் கிடைக்கும் பதில் அதுதான்.

போத்தலின் முன்பக்கத்தில் “1,200 மி.கி.” என்று பெரிய எழுத்தில் இருந்தது. பலர் அதை மீன் எண்ணெயின் மொத்த நிறையாக எடுப்பார்கள். சாதாரணக் கப்ஸ்யூலில் அது சரி: 1,000 மி.கி. மீன் எண்ணெயில், வேலை செய்யும் கொழுப்பான ஒமேகா-3 பெரும்பாலும் 300 மி.கி. அளவுதான் (அதன் இரு வகைகளான ஈபிஏ 180, டிஎச்ஏ 120). இது செறிவூட்டியது. பின்பக்கச் சிற்றெழுத்தில் “ஒரு தடவைக்கு 2 கப்ஸ்யூல்: ஈபிஏ 800, டிஎச்ஏ 400” என்றிருந்தது. அப்படியானால் ஒன்றில் 600 மி.கி. ஒமேகா-3. ஆறுக்கு 3.6 கிராம். மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுக்கும் உச்ச அளவை ஒட்டியது அது.

அடுப்படிக் கணக்கு

கிராமில் கேட்டால் யாருக்கும் சொல்ல வராது. ஆகவே மாதத்துக்கு எத்தனை போத்தல், நாளைக்கு எத்தனை தேங்காய் என்று கேட்டுக் கணக்கு எடுக்கப்பட்டது.

தேங்காய் எண்ணெய் மாதம் ஐந்து போத்தல். ஒரு போத்தல் 750 மி.லீ. நான்கு பேருக்குப் பிரித்தால் ஆளுக்கு நாளொன்றுக்கு சுமார் 31 மி.லீ., அதாவது ஆறு தேக்கரண்டி. இதுவும் பொரித்த எண்ணெயைத் திரும்பத் திரும்பச் சூடாக்கியே முடித்தது. தேங்காய் நாளுக்கு இரண்டு: காலையில் சம்பலும் சொதியும், மதியம் பால்கறி. நடுத்தரத் தேங்காய் ஒன்றின் பருப்பு ஏறக்குறைய 300 கிராம். அதில் மூன்றிலொரு பங்கு கொழுப்பு, அதிலும் பத்தில் ஒன்பது பங்கு நிறைகொழுப்பு. பிழிந்த சக்கையோடு ஒரு பகுதி போய்விடும். சம்பலில் எதுவும் போகாது. 2,000 கலோரி உண்ணும் ஒருவர் எல்டிஎல்லைக் குறைக்க வேண்டுமென்றால் நிறைகொழுப்பு நாளொன்றுக்கு 15 கிராம் அளவில் நிற்க வேண்டும். எண்ணெய் மட்டுமே அந்த எல்லையைத் தாண்டியிருந்தது.

மீன் தினமும் உண்டு. ஆனால் மதியம் வாடியில் சோற்றுப் பார்சலோடு பொரித்த மீன், இரவில் கருவாடு. ஆழ எண்ணெயில் பொரிக்கும்போது மீனின் கொழுப்பில் ஒரு பங்கு எண்ணெய்க்குள் இறங்கும், அந்த எண்ணெய் மீனுக்குள் ஏறும். கருவாட்டின் உப்பு, 40% வீதத்தில் இயங்கும் இதயத்துக்கு நீர்க்கட்டைக் கொண்டுவரும், அதற்காகத்தான் பிரூசமைட். பிரூசமைட் பொட்டாசியத்தை வெளியேற்றும். வயிறு இளகியதும் அதே பக்கம் இழுத்தது.

ஆய்வுகள் காட்டியது

மீன் கொழுப்பு இதயத் துடிப்பைக் காக்கும் என்ற நம்பிக்கை சும்மா பிறந்ததல்ல. ஒமேகா-3 இதயத் தசைக்கலத்தின் சவ்வில் போய்ச் சேர்ந்து, சோடியமும் கல்சியமும் நுழையும் வாயில்களின் போக்கை மாற்றுகிறது. மாரடைப்பு விட்டுச்சென்ற தழும்பின் ஓரத்தில் திடீர்த் துடிப்புகள் கிளம்புவதை இது அடக்கும் என்று ஆய்வுகூடங்களில் கண்டார்கள். 1989இல் வெளியான ‘டார்ட்’ ஆய்வில் மாரடைப்பிலிருந்து மீண்ட 2,033 ஆண்கள் சேர்ந்தார்கள். வாரம் இரண்டு முறை கொழுப்பு மீன் உண்ணச் சொல்லப்பட்டவர்களிடையே இரண்டு வருடத்தில் இறப்பு 29% குறைந்தது. 1999இல் இத்தாலியின் ‘ஜிஸ்ஸி’ ஆய்வு 11,324 பேரில் நாளுக்கு ஒரு கிராம் கொடுத்து, திடீர் இறப்பு குறைவதைக் கண்டது.

பிறகு காலம் மாறியது. ஸ்டென்ட், ஸ்டாடின், பீட்டா தடுப்பான் எல்லாம் வழக்கமானபின் 2010இல் வந்த ஜெர்மனியின் ‘ஒமேகா’ ஆய்வும் நெதர்லாந்தின் ‘அல்ஃபா ஒமேகா’ ஆய்வும் கூடுதல் பயன் எதையும் காட்டவில்லை. மாரடைப்பு மீண்டும் வராமல் தடுக்க ஒமேகா-3 மருந்துகள் உதவுவதாகச் சொல்ல முடியாது என்று ஐரோப்பிய மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2019இல் உறுதிசெய்தது. 2021இல் ஏழு ஆய்வுகளின் 81,210 பேரை ஒன்றுசேர்த்துப் பார்த்தபோது வேறொன்று தெளிவானது: நாளுக்கு ஒரு கிராமுக்கு மேல் ஒமேகா-3 குடித்தவர்களில் மேலறை நடுக்கத்தின் அபாயம் 49% கூடியிருந்தது, ஒரு கிராமும் அதற்குக் கீழும் குடித்தவர்களில் 12%. கீழறையைக் காக்கும் என்று கொடுத்தது மேலறையைக் கலைக்கிறது. உறவினர் சொன்னது முழுப் பொய்யல்ல, பழைய பாதி. மற்றப் பாதி அவருக்கு வந்து சேரவில்லை.

இவரில் கப்ஸ்யூல் மட்டுமே காரணம் என்று யாராலும் நிறுவ முடியாது. பெருத்த மேலறை, நீண்டநாள் பிரஷர், பலவீனமான இதயம், குறைந்த பொட்டாசியம் நான்கும் அதே இடத்துக்கு இழுப்பவை. ஆனால் அவற்றில் மூன்றை ஒரே நாளில் மாற்ற முடியாது. கப்ஸ்யூலையும் பொட்டாசியத்தையும் மாற்றலாம்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

கப்ஸ்யூல் அன்றே முழுதாக நிறுத்தப்பட்டது. படிப்படியாகக் குறைக்கத் தேவையில்லை. சவ்வில் சேர்ந்தது மறைய வாரக்கணக்கு ஆகும் என்பதால் அது தானாகவே மெதுவாகத்தான் இறங்கும்.

மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைத் திருப்பவில்லை. படபடப்பு தொடங்கி நான்கு நாளாகிவிட்டது. 48 மணித்தியாலம் தாண்டினால் மேலறையில் இரத்தக்கட்டி உருவாகியிருக்கக்கூடும், துடிப்பு திரும்பும் நேரத்தில் அது மூளைக்குப் போகலாம். அழுத்தம் விழாதிருந்ததால் அவசரமும் இருக்கவில்லை. பைசோப்ரோலோல் 5 மி.கி. ஆக்கப்பட்டது. பொட்டாசியம் வாய்வழியாகக் கொடுக்கப்பட்டு 4.0க்கு மேல் கொண்டுவரப்பட்டது. 36 மணித்தியாலத்தில் துடிப்பு தானாகவே ஒழுங்குக்கு வந்தது.

ஒழுங்குக்கு வந்தாலும் இரத்தத்தை இளக வைக்கும் மருந்து தேவைப்பட்டது. பக்கவாத அபாயப் புள்ளிக்கணக்கில் பலவீன இதயத்துக்கு ஒன்று, பிரஷருக்கு ஒன்று, மாரடைப்புக்கு ஒன்று என மூன்று. அதற்கான வார்ஃபரின் தொடங்கி, இரத்தம் உறைய எடுக்கும் நேரத்தைக் காட்டும் ஐஎன்ஆர் 2.0 முதல் 2.5 வரை இலக்காக வைக்கப்பட்டது. ஸ்டென்ட்டுக்காக குளோபிடோக்ரல் தொடர்ந்தது. வார்ஃபரின், குளோபிடோக்ரல், அஸ்பிரின் மூன்றும் சேர்ந்தால் இரத்தக்கசிவு கூடும் என்பதால் அஸ்பிரின் நின்றது. வயிற்றுக்குப் பான்டோப்ரசோல். அட்டோர்வாஸ்டாடின் 40 மீண்டும் தொடங்கியது; தசை நொதியும் ஈரல் சோதனையும் சரியாக இருந்த தாளை அவர் கையிலேயே கொடுத்துக் காட்டிய பிறகு.

உணவு பற்றிய பேச்சு இம்முறை மனைவியோடும் மருமகளோடும் நடந்தது.

எண்ணெய்: மாதம் ஐந்துக்குப் பதில் மொத்தம் இரண்டரைப் போத்தல், ஆளுக்கு நாளுக்கு மூன்று தேக்கரண்டி. தாளிக்க நல்லெண்ணெய்; தேங்காய் எண்ணெய் வாசனைக்காக வறைக்கு மட்டும். போத்தலின் மேல் மாதத்தை நான்காகப் பிரித்துப் பேனையால் கோடு போடச் சொல்லப்பட்டது. முதல் மாதம் இரண்டாம் வாரக் கோட்டை ஒன்பதாம் நாளே தாண்டியதைப் பார்த்துத்தான் பொரியல் எவ்வளவு குடிக்கிறது என்பது வீட்டில் புரிந்தது.

தேங்காய்: நாளுக்கு ஒன்று, பிறகு அரை. முதற்பால் தவிர்த்து இரண்டாம் பாலில் சொதி. சம்பல் வாரத்தில் இரண்டு நாள், தலைக்கு ஒரு மேசைக்கரண்டி.

மீன்: வாரம் மூன்று வேளை, ஒவ்வொன்றுக்கும் பச்சையாக 100 முதல் 120 கிராம். சூடை, சாளை, கும்பளா போதும். அறுக்குளா வாங்க வேண்டிய கட்டாயமில்லை. கொறுக்காய்ப்புளி போட்ட குழம்பாக, அல்லது மண்சட்டியில் இரண்டு தேக்கரண்டி எண்ணெயில் திருப்பிப் போட்டு. இந்தச் சிறு மீன்களில் பருவத்தைப் பொறுத்து 100 கிராமுக்கு அரைக் கிராமிலிருந்து ஒன்றரைக் கிராம் வரை ஒமேகா-3 இருக்கும். வாரத்துக்குப் பிரித்தால் நாளொன்றுக்கு ஒரு கிராமுக்குள் நிற்கும். அவர் தினமும் தராசில் போடும் மீனே அது.

வாடைக்காலம் தனிக் கவலை. கார்த்திகை, மார்கழியில் கடல் குழம்பி வள்ளம் இறங்காத நாட்களில் இங்கே கருவாடுதான் கறி. அதற்குப் பதில் ரின் மீன்: உப்புத்தண்ணீரை வடித்து, ஒரு தடவை கழுவிச் சமைக்கலாம்.

இளநீர் பற்றியும் சொல்ல வேண்டியிருந்தது. பொட்டாசியம் குறைந்தது என்று கேட்டதும் மகன் நாளுக்கு மூன்று செவ்விளநீர் வாங்கத் தொடங்கினார். எனலாபிரில் பொட்டாசியத்தை உடம்பில் நிறுத்திவைக்கும். மேலே மேலே ஏற்றினால் அளவு மிஞ்சி, அதுவும் துடிப்பைக் குலைக்கும். வாரத்தில் இரண்டு, சோதனை முடிவைப் பார்த்து, என்று நிறுத்தப்பட்டது.

பின் நடந்தவை

எல்லாம் நேராகப் போகவில்லை. கப்ஸ்யூலை நிறுத்திய பின் இரண்டாம் வாரத்தில் தேங்காய் குறைந்த இடத்துக்கு மாஜரின் வந்திருந்தது, காலைப் பாணில் தடித்த பூச்சாக. கடினமான மாஜரினில் நிறைகொழுப்பும், தயாரிப்பைப் பொறுத்து ட்ரான்ஸ் கொழுப்பும் இருக்கும். ஒன்றைக் குறைக்கச் சொல்லும்போது அந்த இடத்தில் எதை வைப்பது என்று சொல்லாமல் விட்டால் இப்படித்தான் ஆகும். பதிலாக உப்பில்லாத வறுத்த கச்சான் ஒரு கைப்பிடி, சுமார் 30 கிராம், பருப்புக்கறியோடு பாண்.

நான்காம் வாரத்தில் ஐஎன்ஆர் 3.8. வார்ஃபரின் குடிப்பவர் கீரை தொடக்கூடாது என்று கேள்விப்பட்டு, வல்லாரையையும் பொன்னாங்காணியையும் ஒரேயடியாக நிறுத்தியிருந்தார். கீரையின் வைட்டமின் கே குறைந்தால் அதே அளவு வார்ஃபரின் கூடுதலாக வேலை செய்யும். தினமும் ஒரே அளவு, வறையாக இரண்டு மேசைக்கரண்டி, என்று முடிவாகி மருந்தளவும் சரிசெய்யப்பட்டது. அதற்குப் பிறகு ஐஎன்ஆர் எல்லைக்குள் நின்றது.

எட்டாம் வாரம்: எல்டிஎல் 66, ட்ரைகிளிசரைட் 142, பொட்டாசியம் 4.4, நிறை 74 கிலோவிலிருந்து 71. ட்ரைகிளிசரைட் கப்ஸ்யூல் காலத்தைவிடக் கூடியிருந்தது குடும்பத்தைக் கலக்கியது. 150க்குக் கீழ் இருப்பது போதும், நாடியில் அடைப்பைக் கட்டுவது முதன்மையாக எல்டிஎல் என்று விளக்க வேண்டியிருந்தது. எல்டிஎல்லை 55க்குக் கீழ் கொண்டுபோக அதற்கான இன்னொரு குளிசையான எசெட்டிமைப் 10 மி.கி. சேர்ந்தது, அடுத்த சோதனையில் 53. உடலில் மாட்டி 24 மணித்தியாலம் துடிப்பைப் பதியும் ஹோல்ட்டர் கருவியில் மேலறை நடுக்கம் இல்லை. எக்கோவில் வெளித்தள்ளும் வீதம் 47%.

மனைவி இப்போது காலையில் மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து முழு ஒரு நிமிடம் எண்ணுகிறார். 15 விநாடி எண்ணி நான்கால் பெருக்கினால் ஒழுங்கு தப்புவது பிடிபடாது.

மாற்றியிருக்க வேண்டியவை

பிரூசமைட் தொடங்கி இரண்டு வாரத்தில் பொட்டாசியம் பார்த்திருக்க வேண்டும். இருபது வாரம் யாரும் பார்க்கவில்லை. ஏப்பமும் இளகிய மலமும் இருந்த ஆறு வாரத்தில் ஒருதடவையாவது “புதிதாக என்ன குடிக்கிறார்” என்ற கேள்வி எழுந்திருக்க வேண்டும். “வேறு மருந்து உண்டா” என்று கேட்பது பயனற்றது. வீட்டிலுள்ள எல்லாப் போத்தலையும் ஒரு சொப்பிங் பையில் போட்டுக் கொண்டுவரச் சொல்லி, மேசையில் கொட்டி, சிற்றெழுத்தை வாசித்து, ஈபிஏயும் டிஎச்ஏயும் கூட்டி, அந்த எண்ணைக் கொப்பியில் மருந்துப் பட்டியலிலேயே எழுத வேண்டும். இந்த நிகழ்வுக்குப் பிறகு அவரது கொப்பியின் முதல் பக்கத்தில் அதற்கென ஒரு வரி ஒதுக்கப்பட்டது.

உணவு அறிவுரை சமைப்பவர் வந்திருக்கும் நேரத்துக்கு ஒத்திவைக்கப்பட வேண்டும், அதற்காக ஒரு நாள் பிந்தினாலும். குளிசையை நிறுத்தத் தோன்றும்போது முதலில் சொல்ல ஒரு ஆளும் இலக்கமும் அவர்களிடம் இருந்திருக்க வேண்டும்.

ஸ்டென்ட் வைத்து 12 மாதம் முடிந்தபோது குளோபிடோக்ரலும் நின்றது. வார்ஃபரின் தொடர்கிறது. மீதமிருந்த இரண்டு கப்ஸ்யூல் போத்தல்களை என்ன செய்வதென்று மகள் தொலைபேசியில் கேட்டார். வீட்டில் வேறு யாருக்கும் அது தேவைப்படவில்லை. இனி அனுப்ப வேண்டாம் என்று மனைவியே சொல்லிவிட்டார்.